செவிலியர் படிப்பைத் தொடரலாமா?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அம்மா. அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. வெளிநாடு போனால் குடும்பம் கரையேறும் என்று சொல்லி, கல்விக்கடன் வாங்கிச் சேர்த்தார்கள். வார்டில் நோயாளிகளின் உறவினர்கள் அதட்டுகிறார்கள்; மூத்த சிஸ்டர்கள் எரிந்து விழுகிறார்கள். இந்தத் தொழிலே எனக்குப் பிடிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
- ஒரு மாணவி, குலசேகரம்

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதட்டுவதையும் எரிந்து விழுவதையும் எழுதியிருக்கிறாயே தவிர, நோயாளியைத் தொட்டுச் செய்கிற பணியைப் பற்றி நீ ஒரு குறையும் சொல்லவில்லை. ஆகையால் இப்போதைக்கு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

நான் பயிற்சியில் இருந்தபோது, பக்கவாதத்தால் பேச்சிழந்து கிடந்த ஒரு கடற்கரை ஊர்ப் பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்பதால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. (அந்த நாளில் அப்படிச் சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவோம், தேய்த்தால் உள்ளிருக்கும் தசை மேலும் சேதமாகும் என்று இப்போது கற்பிக்கிறார்கள், அதுவே சரி.) ஈரம் தங்காமல் துடைத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவி, தலையணை கொடுத்துச் சாய்த்து, நைட் டூட்டிக்கு வருபவர்களிடமும் சொல்லிவிட்டுப் போவேன். சில நாட்களில் சிவப்பு மறைந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோதுகூட அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

உன் மனவருத்தம் பொய்யன்று. ஒரே செவிலியர் பல கட்டில்களைக் கவனிக்கும் வார்டில், மேலிருந்து இறங்கும் சிடுசிடுப்பு கடைசியில் மாணவியின் தலையில்தான் விழுகிறது. ஊதியமும் உழைப்புக்கு ஈடாக இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியரின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நின்றுபோன இடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெளிநாட்டுக் கனவில் தவறில்லை. 1838இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மண் இது. மகள் அனுப்பும் பணத்தில் நிமிர்ந்த வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. ஜெர்மனி போகும் எண்ணம் இருந்தால் மொழியை இப்போதே தொடங்கு, பி2 என்கிற மேல் இடைநிலைத் தேர்ச்சிவரை கற்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கேயும் கட்டிலில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கத்தான் வேண்டும். யாரும் அதட்டாத ஒரு நாளிலும் நோயாளியின் அருகே போக உன் மனம் கூசினால், அப்போது எனக்கு மறுபடி எழுது. வேறு வழி யோசிப்போம்.

கேள்வி: வேலைக்குச் சேரும் தனியார் மருத்துவமனையில் என் மகளின் அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: கொடுக்காதீர்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்கச் செய்துவிட்டு, நகலை மட்டும் கொடுத்தால் போதும். நல்ல வேலை கிடைத்தும் சான்றிதழ் கையில் இல்லாமல் போகமுடியாத பெண்கள் எனக்கு நிறையக் கடிதம் எழுதுகிறார்கள். தொழிலை வெறுக்கிறேன் என்று அவர்கள் எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால், திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.