மில்லிகிராம் கணக்கு: சீலியாக் நோய் பற்றி வாசகர் கேள்விகள்

சீலியாக் நோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். வயிற்றைவிடச் சமையலறையைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அது சரியும்கூட, இந்த நோய்க்கு வைத்தியம் நடக்கும் இடம் அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கம்: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். சத்துகளை இழுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குவது ஒன்றே சிகிச்சை.

கேள்வி: என் தங்கைக்குப் பல மாதங்களாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. சீலியாக்காக இருக்கலாம் என்று யாரோ சொன்னதால் கோதுமையை நிறுத்திவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறாள். இனிமேல் எதற்கு டெஸ்ட்?

பதில்: இனிமேல்தான் டெஸ்ட் வேண்டும், அதுவும் கோதுமையை மறுபடி தொடங்கிய பிறகு. நோயைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி ஐஜிஏ என்ற ஆன்டிபாடி, குளூட்டன் உள்ளே போகும்வரைதான் ரத்தத்தில் உயர்ந்து நிற்கும். நிறுத்தினால் மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்து நார்மல் என்று வந்தால் அதை நம்ப முடியாது.

வயிறு சரியானதையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் உண்டு. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அது வாயுவையும் வயிற்றுப்போக்கையும் தரும். கோதுமையை நிறுத்தினால் அவர்களுக்கும் சுகமாகிவிடும். ஆனால் அவர்கள் காலமெல்லாம் ஒரு துணுக்கு ரொட்டிக்குப் பயந்து வாழத் தேவையில்லை. உங்கள் தங்கை எந்த வகை என்பது தெரிந்தாக வேண்டும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினமும் குறைந்தது 3 கிராம் குளூட்டன், அதாவது சுமார் இரண்டு துண்டு கோதுமை ரொட்டி சாப்பிடச் சொல்லுங்கள். குறைந்தது 2 வாரம், தாங்க முடிந்தால் 6 முதல் 8 வாரம். பிறகு ரத்தம் கொடுக்கும்போது டிடிஜி ஐஜிஏவுடன் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் 2–3% பேருக்கு ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே சுரப்பதில்லை. அவர்களுக்கு முதல் டெஸ்ட் தப்பாக நார்மல் காட்டும், ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். பாசிட்டிவ் என்றால் அடுத்தது எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுப்பது. பாதிப்பு திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரே ஒரு துணுக்குச் சதை எடுத்தால் போதாது. சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு, அதற்குக் கீழே குறைந்தது நான்கு எடுப்பதுதான் முறை.

கோதுமையை மறுபடி தொடவே முடியவில்லை என்றால் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 ஜீன் டெஸ்ட் உண்டு. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. இருந்தால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது, மக்களில் 30–40% பேருக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர், எட்டு வயது மகனுக்கு மட்டும் சீலியாக். எல்லாப் பாத்திரத்தையும் இரண்டாக வாங்க வேண்டுமா? மற்றவர்கள் கோதுமையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் போதும். அதற்கு ஒரு கணக்கு உதவும். ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்குள் குளூட்டன் போனால் பெரும்பாலானவர்களின் குடலுக்குத் தீங்கில்லை என்பது இன்றைய கணிப்பு. தினமும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் போனால் குடலுறிஞ்சிகள் சேதமடைவதை 2007-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, கால் தேக்கரண்டி மாவிலேயே 50 மில்லிகிராம் தாண்டிவிடும். ஒரு துண்டு ரொட்டியில் 1,500 மில்லிகிராமுக்குக் குறையாது.

இதை மனதில் வைத்துச் சமையலறையைப் பாருங்கள். மாவு தங்கும் பொருட்கள்தான் ஆபத்து. சல்லடை, மரப்பலகை, உருட்டுக்கட்டை, மரக்கரண்டி, ரொட்டி டோஸ்டர், ஓட்டை நிறைந்த வடிதட்டு, கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டி. இவற்றை மகனுக்கென்று தனியாக வாங்கி, வேறு நிறத்தில் டேப் ஒட்டி, தனி அலமாரியில் வையுங்கள். சல்லடைக் கண்ணில் சிக்கிய மாவு கழுவினாலும் போகாது, அடுத்த முறை சலிக்கும்போது புதிய மாவோடு சேர்ந்து விழும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் நீரில் அலசினால் போதும், பொதுவிலேயே இருக்கலாம். அடுப்பும் ஒன்றே போதும்.

சூட்டினால் குளூட்டன் அழியாது. எனவே கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் மகனுக்குப் பொரிக்கக் கூடாது, நூடுல்ஸ் வேகவைத்த நீரிலும் எதையும் வேகவைக்கக் கூடாது. வெண்ணெய், ஜாம் டப்பாக்களில் ரொட்டித் துகள் ஒட்டிய கத்தி திரும்பத் திரும்பப் போகும், அவனுக்குத் தனி டப்பா வைப்பது எளிது. கோதுமை மாவு பிசையும் நாளில் அவன் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடிவைத்துவிடுங்கள். பறந்த மாவுத்தூள் வெகுநேரம் கழித்தும் வந்து படியும். அலமாரியில் அவன் பொருட்கள் மேல்தட்டில், கோதுமை கீழ்தட்டில்.

பலரும் தவறவிடும் இடம் மாவு. அரிசியிலும் சிறுதானியத்திலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே அதை அரைத்தால் வந்துவிடும். தானியத்தை முழுசாக வாங்கினால் தட்டில் பரப்பி, கலந்திருக்கும் கோதுமை மணிகளைக் கையால் பொறுக்கலாம். பிறகு நன்றாகக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். மாவாக வாங்கியதில் பொறுக்க வழியில்லை, குளூட்டன் இல்லை என்று பரிசோதித்து அச்சிட்ட பாக்கெட்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: 'கோதுமை சேர்க்கப்படவில்லை' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா? ஓட்ஸ் சாப்பிடலாமா?

பதில்: போதாது. பார்லியும் ரையும் உள்ளே இருக்கலாம். 'குளூட்டன் இல்லாதது' என்ற சொல்லுக்குத்தான் அளவு உண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அப்படிப்பட்ட உணவை ஒரு நாளில் அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் சேரும்.

பொருட்பட்டியலில் மைதா, ரவை, டூரம், ஸ்பெல்ட், ட்ரிட்டிகேல், சீட்டான் எல்லாமே கோதுமை இனம் அல்லது அதிலிருந்து வந்தவை. மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் வினிகர் என்றால் பார்லி. சோளத்தில் செய்த கார்ன்ஃப்ளேக்ஸில்கூட ருசிக்காக மால்ட் சேர்ப்பார்கள், ஏமாந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். சோயா சாஸ் பலவற்றில் கோதுமை உண்டு. மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்கும் மால்ட்டுக்கும் சம்பந்தமில்லை. பெயரில் 'வீட்' இருந்தாலும் பக்வீட்டும் கோதுமை அல்ல. ஒரே கம்பெனி பொருளானாலும் செய்முறை மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

ஓட்ஸில் இருக்கும் அவெனின் புரதத்தைப் பெரும்பாலான சீலியாக் நோயாளிகள் தாங்குவார்கள். சாதாரண ஓட்ஸில் வயலிலிருந்தே கோதுமையும் பார்லியும் கலந்துவிடுவதுதான் தொல்லை. நோய் கண்டுபிடித்த புதிதில் வேண்டாம். ஆன்டிபாடி இறங்கிய பிறகு, சான்று பெற்ற ஓட்ஸைச் சிறிய அளவில் தொடங்கி, சில மாதங்களில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு என் மாமியார் பிஸ்கட் கொடுத்துவிட்டார். "ஒன்றும் ஆகவில்லையே, நீதான் பயமுறுத்துகிறாய்" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: பெரியவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்: பையனுக்கு அன்று எதுவும் செய்திருக்காது. சீலியாக்கில் தொந்தரவும் சேதமும் சேர்ந்தே வருவதில்லை. வயிற்றுவலியே இல்லாமல் குடல் தேய்ந்து, வளர்த்தி நின்று, எலும்பு பலவீனமான குழந்தைகள் உண்டு. வாக்குவாதத்தைவிடக் காகிதம் உதவும். நோய் கண்டபோது எடுத்த டிடிஜி அளவையும் இப்போதைய அளவையும், கூடவே உயரம், எடைக் குறிப்பையும் அவர் முன் வைத்துக் காட்டுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

அதோடு, கொடுப்பதற்கு அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பேரனுக்கு ஒன்றும் தராதே என்று பாட்டியிடம் சொன்னால் எப்படி நிற்கும்? குளூட்டன் இல்லாத தின்பண்ட டப்பா ஒன்றை அவர் பொறுப்பில் விடுங்கள், அதிலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பள்ளியிலும் இதே வழி. பிறந்தநாள் விழா திடீரென்று வந்தால் கொடுக்க, டீச்சரிடம் ஒரு டப்பா எப்போதும் இருக்கட்டும். விளையாட்டுக் களிமண்ணில் பெரும்பாலும் கோதுமை மாவுதான் என்பதையும் டீச்சரிடம் சொல்லுங்கள். தொட்டால் கெடுதி இல்லை, கை வாய்க்குப் போவதுதான் கெடுதி. சானிடைசர் குளூட்டனை நீக்காது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

கேள்வி: தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உடனே என்ன செய்வது?

பதில்: முறிமருந்து இல்லை. வாந்தியெடுக்கவைக்க வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல், ஓய்வு, எளிய உணவு. நீர்ச்சத்து மிகவும் வற்றினால் மருத்துவமனை. 'குளூட்டனைச் செரிக்கும் மாத்திரை' விற்கிறார்கள், அதை நம்பி ரொட்டி சாப்பிடக் கூடாது. ஒருமுறை தவறியதற்காகத் தண்டனை போல் பட்டினி கிடக்கவும் வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து வழக்கமான உணவுக்குத் திரும்பினால் போதும்.

கேள்வி: ஒரு வருடமாகக் கட்டுப்பாடாக இருக்கிறேன். இன்னும் வயிறு உப்புசம், அசதி. சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். ஆன்டிபாடி நார்மலாக ஒரு வருடத்துக்கு மேலும், பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு வருடத்துக்கு மேலும் ஆவதுண்டு. முதலில் தேட வேண்டியது மறைந்து வரும் குளூட்டன். தொந்தரவு தொடர்வதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டு வாரம் வாயில் போட்ட ஒவ்வொன்றையும், மாத்திரை, சத்துப்பொடி, சாஸ் உட்பட எழுதி, பாக்கெட்டுகளோடு உணவியல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று மருந்தாளரிடம் கேட்கலாம்.

அடுத்தது பால். குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் லாக்டோஸைச் செரிக்கும் நொதி இருக்கிறது, நுனி தேய்ந்தால் அதுவும் போகும். சில மாதம் பாலைக் குறைத்துப் பாருங்கள். குடல் ஆறினால் பெரும்பாலும் பால் திரும்பச் செரிக்கும். அசதிக்கு இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் ஆற ஆற அது நன்றாக உட்கிரகித்து, டோஸ் குறைக்க வேண்டி வரலாம். இத்தனையும் சரியாக இருந்து, எடையும் இறங்கினால் மறுபடி எண்டோஸ்கோப்பி. உணவுக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத சீலியாக் அபூர்வம்தான், ஆனால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் கணவர் நோய் தெரிந்த பிறகு வெளியில் எங்கேயும் சாப்பிட வருவதில்லை. நண்பர்களையும் விட்டுவிட்டார். நான் எப்படித் துணையாக இருப்பது?

பதில்: அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது இத்தனை தூரம் போகத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். எப்போதும் அவரே கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவரைக் களைப்பாக்குகிறது. ஹோட்டலுக்குக் கூட்டமில்லாத நேரத்தில் போன் செய்யுங்கள். இந்தக் குழம்பைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பீர்களா, பொரிக்கும் எண்ணெய் தனியா, சட்டியைக் கழுவிவிட்டுச் செய்வீர்களா, சோயா சாஸ் சேர்க்கிறீர்களா? 'பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். பஃபே வேண்டாம், ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் போகும்.

தோல் வழியாகக் குளூட்டன் உடலுக்குள் போகாது, ஷாம்புவுக்கும் கிரீமுக்கும் பயப்பட வேண்டாம், உதட்டுச்சாயத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் ரொட்டி சாப்பிட்டிருந்தால் முத்தத்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதும். சில மாதம் கழித்தும் அவர் வெளியே வர மறுத்தால், சாப்பாட்டை நினைத்தாலே பதறினால், டாக்டரிடம் இதையும் நோயின் ஒரு பகுதியாகவே சொல்லுங்கள். கவுன்சலிங் பலன் தரும்.

கேள்வி: எனக்குச் சீலியாக் உறுதியாகிவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லாத என் அண்ணனும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், பாதிப் பேருக்கு அறிகுறியே தெரியாது. டெஸ்ட்டுக்கு முன் அண்ணன் கோதுமையை நிறுத்தக் கூடாது. இன்று நார்மல் என்று வந்தாலும் பின்னால் வரலாம், அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது ரத்தசோகை, எடைக்குறைவு, முழங்கை முழங்காலில் அரிக்கும் கொப்புளம் என்று எது தெரிந்தாலும் உடனே, மறுபடி பார்க்க வேண்டும்.