சக்கரம் உச்ச வேகம் தொட்டதும் பெட்டி கட்டுப்பாட்டை இழப்பது ஏன்?

தம்பி, வள்ளியூர் பள்ளிக் கண்காட்சிக்காக நூலில் தொங்கவிட்ட செயற்கைக்கோள் மாதிரி, கொஞ்ச நேரம் ஒரே திசையில் நின்றுவிட்டு அப்புறம் தானாகத் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மோட்டாரில் பழுது இல்லை. முறுக்கேறிய நூல் பெட்டியை விடாமல் திருப்பப் பார்க்கிறது. அதை ஈடுகட்ட உள்ளே மோட்டார் சுழற்றும் சக்கரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. உச்ச வேகம் வந்ததும் அதற்கு மேல் வழியில்லை.

நிஜச் செயற்கைக்கோளுக்கும் இதே தொல்லைதான். அங்கே சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளுகிறது. சக்கரத்தில் இப்படிச் சேர்ந்த சுழற்சியைச் சில செயற்கைக்கோள்கள் சிறு உந்துபொறிகளால் இறக்கும். ஹப்பிள் தொலைநோக்கி மின்காந்தச் சுருளால், பூமியின் காந்தப்புலத்தையே பிடிமானமாக வைத்து இறக்குகிறது.

முதலில் நூலை மாற்றுங்கள்: நீளமான, மெல்லிய தூண்டில் நரம்பு. அதே பொருளில் விட்டம் பாதியானால் முறுக்கு 16-இல் ஒரு பங்காகிவிடும். சரி, அடுத்து ஹப்பிள் மாதிரியே சக்கரத்தின் சுழற்சியை இறக்க, பெட்டிக்குள் மின்சாரம் ஓடும் ஒரு கம்பிச்சுருள். நம்ம திருநெல்வேலிப் பக்கம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் கோடு) அருகில் இருக்கிறது. கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடமே உண்டு. நடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் இங்கே புலம் ஏறக்குறைய கிடைமட்டமாக ஓடுகிறது. தொங்கும் பெட்டியைத் திருப்ப அதைவிட நல்ல இடம் கிடைக்காது! சுருளின் அச்சு கிழக்கு மேற்காக இருக்கும்போது திருப்புவிசை அதிகம். விசை மிகச் சிறியது, மின்விசிறியை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.