சுற்றுலா விசாவில் நேபாளப் பள்ளியில் பாடம் நடத்தலாமா?

நடத்தக் கூடாது. சம்பளம் வாங்காத தொண்டூழியத்தையும் நேபாளக் குடிநுழைவுத் துறை வேலையாகவே கருதுகிறது. விமான நிலையத்திலேயே கிடைக்கும் 90 நாள் விசா போதும் என்று, உங்களைத் தொண்டூழியத்துக்கு அனுப்பும் முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 125 அமெரிக்க டாலருக்கு அது கிடைப்பது உண்மைதான், ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்க மட்டுமே.

அந்த முகவரின் அமைப்பு, தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் நேபாள அரசின் சமூக நல மன்றத்தின் அனுமதி பெறாததாக இருக்கலாம். அவர் கேட்கும் 4,000 ரிங்கிட்டைக் கட்டுவதற்கு முன், உங்கள் பெயர், பாடம், தேதிகள் குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் முத்திரையிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கி, கோலாலம்பூரிலுள்ள நேபாளத் தூதரகத்தில் காட்டி, எந்த விசா வேண்டும் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கடிதத்துக்கே இழுத்தடிப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் கேமரன் மலையே குளிர்தான். அங்குள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,400 மீட்டர் உயரம். நீங்கள் போகவிருக்கும், எவரெஸ்ட் வட்டாரத்து ஊரான நாம்சே பஜாரோ 3,440 மீட்டர். விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து ஒரே நாளில் ஏறிவிடாதீர்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே போகாமல் கீழே இறங்கிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையால் லுக்லா விமானங்கள் அடிக்கடி ரத்தாகும் என்பதால், திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.