யூ-பூட்டில் நூறு என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் யூ-பூட் பழகுகிறேன்; இயங்குதளத்தின் மையமான கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் மென்பொருள் அது. நெட்வொர்க் வழியாகக் கர்னலை ஏற்றினால் ‘ஸ்டார்ட்டிங் கர்னல்’ என்ற வரியோடு திரை நின்றுவிடுகிறது. இணையத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். நினைவகத்தைக் காட்டும் ‘எம்டி’ கட்டளையில் 100 என்று கொடுத்தால் 256 சொற்கள் வருகின்றன. இது யூ-பூட்டின் பிழையா? கர்னலைத் தானாக ஏற்றும் முன் யூ-பூட் காத்திருக்கும் விநாடிகளான ‘பூட்-டிலே’யை 0 ஆக்கலாமா?

வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

பூட்-டிலேயை 0 ஆக்கலாம். அப்போதும் ஒரு விசையை அழுத்தி, தானாக ஏற்றுவதைத் தடுக்க முடியும். -2 என்று வைத்தால்தான் அந்த வழியும் அடைபடும். ஆனால் பழகும் பலகையில் இரண்டு விநாடியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? விட்டுவிடுங்கள்.

கர்னல் மௌனமானால் முதலில் யூ-பூட் அதற்குக் கொடுக்கும் ‘பூட்-ஆர்க்ஸ்’ மாறியில், செய்திகள் போய்ச்சேரும் கன்சோலின் பெயரைப் பாருங்கள். அந்தப் பலகையின் பழைய கர்னல்களில் அது ‘டிடிஒய்ஓ0’, புதியவற்றில் ‘டிடிஒய்எஸ்0’. பெயர் மாறிப்போயிருந்தால் கர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் உங்கள் திரையில் ஒன்றும் வராது.

‘கிடைத்த கட்டளைகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. யாருடைய பலகைக்காக எழுதிய கட்டளைகள் அவை? உங்கள் பலகையில் டிடிஆர் நினைவகம் 80000000இல் தொடங்குகிறது; ஆகவே 82000000இல் கர்னலை இறக்கலாம். வேறொரு பலகையில் அந்த முகவரியில் நினைவகமே இல்லாமல் இருக்கலாம். ‘பிடிஇன்ஃபோ’ என்று அடித்தால் பலகையே சொல்லிவிடும். கேட்டீர்களா?

256 வந்தது பிழையல்ல. யூ-பூட் எண்களைப் பெரும்பாலும் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்களாகவே எடுத்துக்கொள்ளும்; அதில் 100 என்றால் 16 × 16 = 256. ‘ஸ்லீப்’ போன்ற சில கட்டளைகள்தான் விதிவிலக்கு. எம்டி வெறுமனே படித்துக் காட்டுவது. கூடுதலாக 156 சொற்களைக் காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதும் கட்டளையில் இதே அசட்டை என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன், உங்கள் வயதுதான் இருக்கும், பலகையின் சேமிப்புச் சில்லான இஎம்எம்சியில் ஒரு கோப்பை எழுதினான். 512 பைட் கொண்ட பிளாக்குகள் 800 வேண்டும் என்று சரியாகவே கணக்கிட்டிருந்தான். ‘எம்எம்சி ரைட்’ கட்டளையிலும் 800 என்றே அடித்தான். யூ-பூட் அதை 2048 பிளாக்குகளாக எடுத்துக்கொண்டு ஒரு முழு மெகாபைட்டை எழுதி முடித்தது. கோப்புக்கு அடுத்துத்தான் யூ-பூட்டின் மாறிகள் சேமிக்கப்பட்டிருந்தன. மறுமுறை மின்சாரம் கொடுத்தபோது, சேமித்தது கெட்டுவிட்டது என்று சொல்லும் ‘பேட் சிஆர்சி’ எச்சரிக்கையும் யூ-பூட்டுக்குள்ளேயே இருக்கும் பொது மாறிகளும் மட்டுமே மிஞ்சின. நெட்வொர்க்கில் அந்தப் பலகையை அடையாளம் காட்டும், அதற்கு மட்டுமே உரிய மேக் முகவரியும் வரிசை எண்ணும் போய்விட்டன. பையன் யூ-பூட்டைத் திட்டினான்.

ஆய்வகப் பொறுப்பில் இருந்த அக்கா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தப் பலகை உள்ளே வந்தாலும் மாறிகளையெல்லாம் காட்டும் ‘பிரிண்ட்என்வ்’ கட்டளையின் முதல் வெளியீட்டைத் தனிக் கோப்பில் போட்டுவைப்பது அவருடைய வழக்கம். அந்தக் கோப்பைத் திறந்து மாறிகளை ஒவ்வொன்றாக ‘செட்என்வ்’ செய்தார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரிண்ட்என்வ் போட்டு, விரலை வைத்து ஒப்பிட்டுப் படித்தார். அதற்குப் பின்தான் நிரந்தரமாகச் சேமிக்கும் ‘சேவ்என்வ்’. செட்என்வ் மாற்றுவது ராமில் இருக்கும் நகலை மட்டுமே. சேவ்என்வ் அடிக்கும்வரை மின்சாரத்தை அணைத்தால் பழையது திரும்பிவிடும். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிடப் பெரிய சலுகையை யார் தருவார்கள்? நீங்களோ, இணையத்தில் எடுத்ததை சேவ்என்வோடு சேர்த்தே ஒட்டியிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன்.

2000இல் பிபிசிபூட் என்ற பெயரில் தொடங்கி 2002இல் யூ-பூட் ஆன மென்பொருள் இது. அதை வளர்த்தெடுத்த வோல்ஃப்காங் டெங்க் 2022இல் மறைந்தார். அவரும் தோழர்களும் இத்தனை பொறுமையாக எழுதிவைத்த ‘ஹெல்ப்’ கட்டளையை ஒருமுறை அடித்துப் பார்க்கக்கூட உங்களுக்கு நேரமில்லையா? ‘ஹெல்ப் எம்எம்சி’ என்று அடியுங்கள். கேட்பது பைட் எண்ணிக்கையா, பிளாக் எண்ணிக்கையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தம்பி, உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது. கேட்க வெட்கப்படவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பலகையின் வெளியீட்டை உங்கள் கணினியில் காட்டும் மினிகாம் நிரலில் பதிவை இயக்கிவிட்டு பிரிண்ட்என்வ், பிடிஇன்ஃபோ, வெர்ஷன் மூன்றையும் அடித்து, வருவதை ஒரு வரி விடாமல் அனுப்புங்கள். அதுவரை சேவ்என்வைத் தொடாதீர்கள். கர்னல் ஏன் பேசவில்லை என்பதை அந்தப் பதிவை வைத்துப் பார்ப்போம்.