தொப்பி ஓசை எங்கே போகிறது?

தம்பி, சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பனுக்குப் பஸ்ஸில் போகும்போது ஐபோனில் 'லாஸ்லெஸ்' (ஒலித்தகவல் எதையும் இழக்காத) தரத்தை வைத்தும் மிருதங்கத்தின் தொப்பி ஓசை, அதாவது இடப்பக்கத்துத் தாழ்ந்த ஓசை, மெலிந்தே கேட்கிறது, டேட்டாதான் கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தரத்தை அணைத்துவிடுங்கள். லாஸ்லெஸ் என்றால் குறைந்தது குறுந்தகட்டுத் தரம்; சுருக்காத நிலையில் அது நொடிக்கு 1,411 கிலோபிட். ஐபோனோ புளூடூத் வழியே ஏஏசி முறையில் சுருக்கித்தான் இயர்பட்டுக்கு அனுப்புகிறது. குடம் குடமாய் மொண்டு வந்து சிறு புனலில் ஊற்றுவானேன்? 256 கிலோபிட் ஏஏசி போதும். மணிக்குச் சுமார் 115 மெகாபைட்தான் ஆகும். வீட்டு வைஃபையில் இரவே பதிவிறக்கிக்கொண்டால் அதுவும் மிச்சம்.

தொப்பி தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் காதில்தான் இருக்கிறது. ரப்பர் முனை காதைச் சரியாக அடைக்காவிட்டால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த ஓசைதான். மீதியைப் பஸ்ஸின் இரைச்சல் விழுங்கிவிடும். பெட்டியில் வந்த மற்ற அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. என் இடக் காதுக்குப் பெரிய முனையை மாற்றிய அன்றுதான், பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் வளைந்தெழும் ஓசையான கும்கி முழுதாகக் காதில் விழுந்தது. அதைச் செய்து பார்க்காமல் புதிய இயர்பட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.