தோட்டத்துப் பழைய தீயணைப்புச் சாமான்கள்: கேள்வி பதில்

கேள்வி (தலவாக்கலை): ஸ்டோர் மூலையில் கூம்பு வடிவத் தீயணைப்பான் ஒன்று கிடக்கிறது. குலுக்கினால் உள்ளே கண்ணாடிச் சத்தம். திறக்கலாமா அண்ணா?

பதில்: திறக்காதீர்கள் தம்பி, இனிக் குலுக்கவும் வேண்டாம். அது சோடா அமில வகை. பாத்திரத்தில் சோடியம் பைகாபனேற்றுக் கரைசல், மேலே சிறு போத்தலில் சல்பூரிக் அமிலம். குமிழைத் தட்டினால் போத்தல் உடைந்து இரண்டும் கலக்கும். உண்டாகும் காபனீரொட்சைட்டுத் தண்ணீரை வெளியே தள்ளும். பழையதில் தகடு உள்பக்கம் அரித்திருக்கும். துரு வந்து வாயை அடைத்திருந்தால் அமுக்கம் போக வழியில்லாமல் பாத்திரமே வெடிக்கும். நிமிர்த்தி வைத்து, ஆள் நடமாட்டமில்லாத இடமாக்கி, உங்கள் பகுதித் தீயணைப்புப் பிரிவைக் கூப்பிட்டு வெறுமையாக்கச் சொல்லுங்கள். பிறகு காட்சிக்கு மட்டும். மறுபடி நிரப்பவே கூடாது.

கேள்வி (பண்டாரவளை): கைப்பிடியை இழுத்துத் தள்ளும் சின்னப் பித்தளைத் தீயணைப்பான். உள்ளே இனிப்பு வாசத்தில் ஏதோ திரவம்.

பதில்: பெரும்பாலும் காபன் நாற்குளோரைட்டு. முகர்ந்து பார்க்காதீர்கள், ஈரலைக் கெடுக்கும். சூடுபட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். வடிகானில் ஊற்றாமல், அகற்றும் வழியை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேளுங்கள்.

கேள்வி (நானுஓயா): இரண்டு பேர் அடிக்கும் கைப்பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை.

பதில்: உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், உங்கள் ஊர்க் குளிரில் வாஷர் இன்னும் விறைக்கும். முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி ஒரு மணிநேரம் ஊறவிட்டு மெதுவாக அடித்துப் பாருங்கள். இழுத்தால் வாஷர் காய்ந்ததுதான் பழுது. இல்லையென்றால், ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்துக்கொண்டே கழற்றி, வாஷரை ஆமணக்கெண்ணெயில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். வெடித்திருந்தால் அதே தடிப்பில், மரப்பட்டையில் பதனிட்ட தோலில் புதியது வெட்டுங்கள். பழையதை எறியாமல் பெயர் எழுதிய உறையில் வையுங்கள். அடுத்த முறை அளவெடுக்க அதுதான் அச்சு.

கேள்வி (ஹட்டன்): பித்தளை முனைக்குழாயைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள நாகத்தை (துத்தநாகத்தை) அரித்து எடுத்துவிடும், செம்பின் சிவப்புத் திட்டுத் திட்டாகத் தெரியும். திருகுப் புரி இடுக்கில் எச்சம் தங்கிப் பச்சை பிடிக்கும். அமோனியா கலந்த பொலிஷும் ஆகாது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பிரித்தானிய இந்திய இராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கள், சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவால் வெடித்துப் பிளந்தன. மென்மையான சவர்க்காரம், மெத்தென்ற பிரஷ், உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். தயாரிப்பாளர் பெயர் பொறித்த தகட்டை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

கேள்வி (நுவரெலியா): அடி உருண்டையான சிவப்பு வாளிகளுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கலாமா? தோட்டத் தீயணைப்பு வரலாற்றை எங்கே தேடுவது?

பதில்: அடிக்காதீர்கள். வேறு வேலைக்கு எடுத்துப் போய்த் தரையில் வைக்க முடியாமலிருக்கத்தான் அந்த உருண்டை அடி. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி உரசவே கூடாது. வாளியில் எழுதிய தோட்டப் பெயரே முதல் ஆவணம்; பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். அடுத்து தொழிற்சாலைச் சாமான் பதிவேடு, காப்புறுதிக் கடிதங்கள். நகரத் தீயணைப்புப் படை என்றால் மாநகர சபைக் கூட்டக் குறிப்புகள். கண்டி மாநகர சபை 1865 கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்தது, அதனால் கணக்குப் பக்கங்களில் ஹோஸ், வாளி வாங்கிய செலவுகளைத் தேடுங்கள்.