அடுத்த ஆண்டு வரவிருக்கும் நூல்கள், படங்கள், இசைத் தொகுப்புகளில் எவற்றை நம்பிக் காத்திருக்கலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது: "ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியல் போடுகிறேன், டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் பாதிகூட வந்திருப்பதில்லை." பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தப் பெயர்களுக்கும் உங்கள் பழைய பட்டியலின் கதிதான் நேரும். எது வரும், எது தள்ளிப்போகும் என்று நீங்களே கணிப்பதற்கான வழியைச் சொல்கிறேன்.

அறிவிப்பில் இருக்கும் தேதி, பேருந்து இருக்கையில் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு மாதிரி. இடம் பிடித்தாயிற்று, ஆள் வருவாரா என்பது வேறு விஷயம். அதனால் தேதிக்குப் பக்கத்தில் ஓர் அளவு இருக்கிறதா என்று தேடுங்கள். நூலுக்குப் பக்க எண்ணிக்கை, படத்துக்கு ஓடும் நேரம், இசைத் தொகுப்புக்கு ஒவ்வொரு பாடலின் நிமிடமும் நொடியும். வேலை முடியாமல் இவற்றைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது.

நூலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஐஎஸ்பிஎன் எண், அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அடையாள எண், இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பதிப்பகங்கள் அந்த எண்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பிரதி முடியும் முன்பே ஒதுக்கிவிடும். முன் அட்டைப் படமும் சான்று ஆகாது. அதை வரைய நூலின் தலைப்பு போதும். நம்பத் தகுந்தது அட்டையின் முதுகு. முதுகின் அகலம் தாள் எண்ணிக்கையைப் பொறுத்தது: 320 பக்கம் என்றால் 160 தாள், தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 16 மில்லிமீட்டர். பக்க வடிவமைப்பு முடிந்து, மெய்ப்புத் திருத்தமும் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட முடியும். முதுகும் பின்னட்டையும் சேர்ந்த முழு அட்டை வெளியாகிவிட்டால் அந்த நூலைப் பட்டியலில் பேனாவாலேயே எழுதலாம்.

பக்க எண்ணிக்கையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆஃப்செட் அச்சில் புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதிகளாக, அச்சாகும். 288, 304, 320 எல்லாம் ஃபாரக் கணக்கில் சரியாக உட்காரும். இணையக் கடையின் பக்கத்தில் 300 என்று மொட்டையாக இருந்தால் அது ஊகம். (டிஜிட்டல் அச்சில் இந்தக் கணக்கு பொருந்தாது, எட்டுப் பக்க ஃபாரமும் உண்டு, பதிப்பகமே ஃபாரக் கணக்கில் ஊகித்துப் போடுவதும் உண்டு. அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இதை ஓர் அறிகுறி என்றுதான் சொல்கிறேன்.) வெளியீட்டுத் தேதி டிசம்பர் 31 அல்லது ஜனவரி 1 என்று இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தேதிக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காத தளங்களில் எதையாவது நிரப்ப வேண்டும் என்று போடும் தேதி அது.

மொழிபெயர்ப்பு நூல்களுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். அக்டோபரில் நடக்கும் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தையில் "உரிமை விற்கப்பட்டது" என்று செய்தி வந்தவுடனே பலர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு, செம்மையாக்கம், அச்சு என்று கூட்டிப் பாருங்கள், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். பொருளடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் வரும் பட்டியல்) உள்ள அபுனைவு நூல்களும் கடைசி நேரத்தில் சில வாரம் வழுக்கும். பக்கங்கள் நிலைபெற்ற பிறகுதான் பொருளடைவில் பக்க எண் போட முடியும், நடுவில் ஒரு பத்தி சேர்ந்தால் எல்லாம் நகரும்.

படங்களுக்கு வருவோம். டீசரைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், ஒருசில நாள் படப்பிடிப்பை வைத்தே டீசர் வெட்டலாம். கவனிக்க வேண்டிய கட்டம் எடிட்டிங் லாக், அதாவது இனி வெட்டுவதோ சேர்ப்பதோ இல்லை என்று படத்தொகுப்பை முடித்து வைப்பது. காட்சிகளின் நீளம் உறுதியான பிறகுதான் ரீ-ரெக்கார்டிங் எனும் பின்னணி இசைப் பதிவு, விஎஃப்எக்ஸ் எனும் கணினிக் காட்சிகளின் இறுதி வேலை, கலர் கரெக்‌ஷன், மிக்ஸிங் எல்லாம் ஒழுங்காக நகரும். லாக் செய்த பிறகு ஒரு காட்சியில் நான்கு நொடி வெட்டினாலும் பின்னணி இசையையும் ஒலித்தடங்களையும் மறுபடி பொருத்த வேண்டும், முடித்து வைத்த விஎஃப்எக்ஸ் வேலை வீணாகும். பெரிய படங்கள் தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. படக்குழு "ரீ-ரெக்கார்டிங் தொடங்கிவிட்டது" என்று சொன்னால் அது நல்ல அறிகுறி. தணிக்கைச் சான்றில் ஓடும் நேரம் வந்துவிட்டால் படம் முடிந்துவிட்டது என்று பொருள். பிரிட்டனின் தணிக்கை அமைப்பு நிமிடம், நொடி வரை தன் தளத்தில் போட்டுவிடுகிறது.

இதற்கும் விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. முடிந்த படமும் நகரும். ஹாலிவுட் படமான டியூன் இரண்டாம் பாகம் 2023 நவம்பரில் வர வேண்டியது. ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் அவர்களை விளம்பரத்துக்கு அழைக்க முடியாத நிலை வந்ததால், 2024 மார்ச் 1க்குப் போனது. ஆனால் இப்படித் தள்ளிப்போகும் படம் எப்படியும் வந்து சேரும். லாக் ஆகாமல் தள்ளிப்போகும் படம் ஓராண்டு, இரண்டாண்டு என்று இழுக்கும், சில சமயம் டிராப் ஆகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான படங்களைத் தேட மிகச் சிறந்த இடம், இந்த ஆண்டின் இரண்டாம் பாதித் திரைவிழாப் பட்டியல்கள். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் வெனிஸ், செப்டம்பரில் நடக்கும் டொரண்டோ. இவற்றில் திரையிடப்பட்டு இன்னும் திரையரங்குக்கு வராத படங்களில் பல அடுத்த ஆண்டுதான் பொதுமக்கள் பார்வைக்கு வரும். படம் முடிந்துவிட்டது, ஓடும் நேரம் அட்டவணையிலேயே இருக்கிறது, பார்த்தவர்கள் எழுதிய விமர்சனமும் இருக்கிறது. இன்னொன்று, ஆஸ்கர் போட்டியில் நுழைய அந்தந்த ஆண்டுக்குள் அமெரிக்காவின் குறிப்பிட்ட பெருநகரங்களில் ஒன்றில் 7 நாள் திரையிட வேண்டும் என்பது பொதுப் பிரிவுகளுக்கான விதி. அதற்காக டிசம்பரில் அங்கே சில அரங்குகளில் மட்டும் ஓடும் படங்கள் மற்ற நாடுகளுக்கு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வருவது வழக்கம்.

இசையில் ஓராண்டுப் பட்டியல் போடுவதே வீண். பாடகர்களே சொல்லாமல் வெளியிடும் காலம் இது. 2013 டிசம்பர் 13 அன்று அமெரிக்கப் பாடகி பியான்சே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டார், அதன்பின் பலரும் அந்த வழியில் போனார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். 2015 ஜூலை 10 முதல் உலகளவில் புது இசைக்கு வெள்ளிக்கிழமைதான் நாள் என்று வைத்திருக்கிறார்கள், பார்ப்பதற்கு அதுவே போதும். பாடல் பட்டியலில் தலைப்பு மட்டும் இருந்தால் பென்சிலால் எழுதுங்கள். 4:37, 3:52 என்று நேரமும் இருந்தால் மாஸ்டரிங், அதாவது ஒலியைச் செம்மைப்படுத்தும் கடைசி வேலை, முடிந்திருக்கும். வினைல் இசைத்தட்டு வாங்குபவர்கள் தட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் திணித்தால் வரித்தடங்கள் நெருங்கி ஒலி அளவு குறையும், அதனால் 50 நிமிடத் தொகுப்பு பெரும்பாலும் இரண்டு தட்டாகும். எந்தப் பக்கத்தில் எந்தப் பாடல் என்றே போட்டுவிட்டார்கள் என்றால் வேலை முடிந்தது.

இனி, தேதி மாறவே மாறாத ஒரு பட்டியலும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று காப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆகும் படைப்புகள்! யாரும் இதை "எதிர்பார்ப்பு" என்று எண்ணுவதில்லை, எனக்கு அது உண்மையான வருத்தம். கணக்கு எளிது. ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்று சட்டம் உள்ள நாடுகளில், வரும் ஆண்டிலிருந்து 71 கழியுங்கள். 2026 என்றால் 1955இல் இறந்தவர்கள். இந்தியாவைப் போல 60 ஆண்டு என்றால் 61 கழியுங்கள். அமெரிக்காவில் பழைய நூல்களுக்கும் படங்களுக்கும் வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு, 96 கழியுங்கள், 2026க்கு 1930. இப்போது அந்த வரிசையில் வரும் பழைய ஒலிப்பதிவுகளுக்கு 101, அதாவது 1925. அந்த ஜனவரியை ஒட்டிப் புது மொழிபெயர்ப்புகள், மலிவுப் பதிப்புகள், நாடக வடிவங்கள் கிளம்பும். மூலம் விடுதலை ஆனாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

"இப்படிக் கணக்குப் போட்டால் ஆவல் செத்துவிடும்" என்று ஒருவராவது எழுதுவார். ஆவலோடு காத்திருந்து ஏமாந்தவர் கேட்ட கேள்வி இது, அவருக்குத்தான் இந்தப் பதில். மற்றபடி முழு அட்டை வந்த நூலுக்கு முன்பதிவு செய்யுங்கள். எத்தனை படி அச்சடிப்பது என்று தீர்மானிக்கும்போது முன்பதிவு எண்ணிக்கையையும் பார்ப்பார்கள், சிறிய எழுத்தாளருக்கு அது பெரிய உதவி.

கேள்விக்குத் தொடர்பில்லாதது என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வரவிருக்கும் மொழிபெயர்ப்பு நூல்களின் அறிவிப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயர் ஏன் இருப்பதில்லை? புத்தக விவரங்களைக் கடைகளுக்கு அனுப்பப் பதிப்பகங்கள் பயன்படுத்தும் ஓனிக்ஸ் என்ற தரவு வடிவத்தில் மொழிபெயர்ப்பாளருக்கென்றே பி06 என்று ஒரு குறியீடு இருக்கிறது. நிரப்ப ஒரு நிமிடம் போதும். நானூறு பக்கத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கி வந்தவரின் பெயர் அட்டையிலும் இல்லை, இணையக் கடையின் பக்கத்திலும் இல்லை, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் கிடக்கிறது. வாசகருக்கும் இதில் நட்டம்தான். அந்த நூல் வாசிக்கத் தக்கதாக இருக்குமா என்று முன்கூட்டியே கணிக்க அந்த ஒரு பெயரைப் போல உதவுவது வேறில்லை. அது இல்லாத அறிவிப்பைக் கண்டால் பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.